கருப்பட்டி என்ற பெயருக்குத் தனிச் சொந்தக்காரர் உண்டா?

வள்ளியூர் வாசகர் கேட்டது, 2025 ஜூலை 9

நானும் கல்லூரித் தோழர்கள் இருவரும் பெங்களூரில் சிறிய அளவில் பீர் காய்ச்சி விற்கிறோம். உடன்குடிக் கருப்பட்டியைச் சேர்த்து ஸ்டவுட் என்ற கருநிற பீர் செய்து, "கருப்பட்டி ஸ்டவுட்" என்றே பலகையில் எழுதி வைத்தோம். சென்ற மாதம் பெரிய மதுபான நிறுவனம் ஒன்றிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. "கருப்பட்டி" தங்களுடைய வணிகக்குறி (டிரேட்மார்க்) என்றும், குறித்த நாளுக்குள் அந்தச் சொல்லை நீக்காவிட்டால் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுப்போம் என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில்கூட ஓலைக்கொட்டானில் வைத்து விற்கும் பொருளின் பெயரை ஒருவர் தமக்கே உரியது என்று சொல்லிவிட முடியுமா? அண்ணாச்சி விவரம் சொல்ல வேண்டும்.

ஜூலை 10

முடியாது என்பதுதான் சட்டத்தின் பொதுவான விடை. ஆனால் அதை மட்டும் நம்பி நோட்டீஸைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. நான் வழக்கறிஞன் அல்லன். சென்னையில் வணிகக்குறி வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருப்பவன். விண்ணப்பம், ஆட்சேபம், பதில் மனு என்று கட்டுக் கட்டாக என் கை வழியாகப் போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு சரக்கின் வகை, தரம், அளவு, பயன், மதிப்பு, பிறந்த இடம் ஆகியவற்றைக் குறிக்க வணிகத்தில் பயன்படக்கூடிய சொற்களை மட்டுமே கொண்ட குறியைப் பதிவு செய்யக் கூடாது என்று அதன் 9ஆவது பிரிவு சொல்கிறது. பேச்சிலும் தொழில் வழக்கிலும் ஊறிப்போன சொற்களுக்கும் அதே தடைதான். கருப்பட்டி சேர்த்த பீருக்குக் "கருப்பட்டி" என்ற பெயர் இந்தத் தடைக்குள் நேராக வந்து விழுகிறது. அதே சொல்லை ஒருவர் கைக்கடிகாரத்துக்கு வைத்தால் கேள்வி வேறு; கடிகாரத்தில் கருப்பட்டி கிடையாது, ஆகவே அங்கே அது சரக்கை வருணிப்பதில்லை. ஒரு சொல் வருணனையா, அடையாளமா என்பதை அது எந்தச் சரக்கின் மேல் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

எனவே தம்பி செய்ய வேண்டிய முதல் வேலை, எதிராளியின் பதிவு எண்ணைக் கண்டுபிடிப்பது. பதிவேட்டில் சரக்குகளை எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: பீர் 32ஆவது வகுப்பு, மற்ற மதுவகைகள் 33, அல்வாவும் கருப்பட்டியும் 30. அவர்களுடைய பதிவு எந்த வகுப்பில் இருக்கிறது, சொல்லுக்கு மட்டும் வாங்கியதா, படமும் எழுத்தும் சேர்ந்த லேபிளுக்கு வாங்கியதா என்பதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நோட்டீஸில் எண்ணே கொடுக்கவில்லை என்றால் அதையும் குறித்து வையுங்கள்.

ஜூலை 10, இரவு

பதிவேட்டை அரசு வலைத்தளத்தில் எவரும் காசில்லாமல் பார்க்கலாம். விண்ணப்பம் போட்ட நிலையிலேயே "எங்கள் வணிகக்குறி" என்று மிரட்டும் நோட்டீஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயருக்கு எதிரே பதிவு பெற்றது என்று போட்டிருக்கிறதா, ஆட்சேபத்தில் நிற்கிறது என்று போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஜூலை 13

மற்ற நாடுகளில் பீர்க்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தென்காசி அன்பர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு வயது அதிகம்.

1970களில் மில்லர் நிறுவனம் கலோரி குறைந்த பீருக்கு "லைட்" என்ற சொல்லை எழுத்து மாற்றி எழுதிப் பதிவு செய்துகொண்டு, ஹைல்மன் என்ற நிறுவனம் அதே ஒலியுடைய சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று வழக்குப் போட்டது. 1977இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இலேசான பீரை இலேசான பீர் என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு, எழுத்தைத் திரித்து எழுதிவிட்டால் அந்தச் சொல் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது என்று முடித்தது. மில்லர் அந்தச் சொல்லை விளம்பரம் செய்யக் கொட்டிய பணம் கொஞ்சமன்று. அதையும் நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. இன்றைக்கு உலகம் முழுவதும் எந்தக் கம்பெனியும் லைட் பீர் விற்கிறது என்றால் அதற்குப் பின்னால் இந்தத் தீர்ப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சிறு காய்ச்சுகாரர்கள் பெருகிய பிறகு சண்டை அவர்களுக்குள்ளேயே தொடங்கிற்று. 2015 ஜனவரியில் கலிபோர்னியாவின் லகுனிடாஸ் நிறுவனம், சியரா நெவாடா என்ற இன்னொரு நிறுவனத்தின் லேபிளில் ஐபிஏ என்ற மூன்று எழுத்துகள் தங்களுடையதைப் போலவே இருப்பதாக வழக்குப் போட்டது. ஐபிஏ என்பது நூற்றுக்கணக்கானோர் காய்ச்சும் பீர் வகை. லகுனிடாஸ் கோரியது அந்த எழுத்துகளின் வடிவத்தைத்தான், பெயரை அன்று. ஆனாலும் குடிப்பவர்களிடம் அந்த நுணுக்கம் எடுபடவில்லை. சமூக ஊடகத்தில் வசவு மழையாகப் பொழிந்ததால் இரண்டொரு நாளில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே காலத்தில் மிச்சிகனின் பெல்ஸ் நிறுவனம், வட கரோலினாவில் இன்னவேஷன் என்ற பெயரில் இருந்த ஒரு சிறு காய்ச்சுசாலையின் விண்ணப்பத்தை எதிர்த்தது. தங்களுடைய விளம்பர வாசகத்தில் அந்தச் சொல் இருக்கிறது என்பதே காரணம். 2017இல் அந்த எதிர்ப்பு தள்ளுபடியானது. புதுமை என்ற சொல்லைத் தனதென்று சொல்லாத கம்பெனி எது?

பிரிட்டனில் பெரிய நிறுவனங்களை எதிர்த்துக் குரல் கொடுத்தே வளர்ந்த புரூடாக் என்ற பீர் நிறுவனம், 2017இல் பர்மிங்ஹாமில் ஒரு சிறு மதுக்கூடத்தைத் "லோன் உல்ஃப்" (தனி ஓநாய்) என்ற பெயரை மாற்ற வைத்தது. செய்தி பரவியதும் பின்வாங்கியது. இவை எல்லாவற்றிலும் நான் கவனித்தது இதுதான்: நீதிமன்றம் வரை போனவற்றில் சாதாரணச் சொல் தப்பிவிடுகிறது, போகாதவற்றில் சிறியவர் பெயரை மாற்றிக்கொள்கிறார்.

ஒரு நல்ல கதையும் உண்டு. கொலராடோவின் ஏவரி, கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் என்ற இரண்டு காய்ச்சுசாலைகளும் ஒரே பெயரில் ஆளுக்கொரு பீர் வைத்திருந்தது தெரிந்ததும், வழக்குக்குப் போகாமல் இரண்டையும் கலந்து புதிய பீர் ஒன்றை 2006இல் வெளியிட்டு, வழக்கை விடக் கூட்டு மேல் என்று பொருள்படும் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ஜூலை 14

நம் திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரே பெயரில் வரிசையாக நிற்கும் அல்வாக் கடைக்காரர்கள் அப்படிச் சேர்ந்து ஓர் அல்வா கிண்டுவார்களா என்று மேலப்பாளையத்து அன்பர் கேட்கிறார். கிண்டினால் வாங்க நான் முதல் ஆளாக நிற்பேன். பெயருக்கு முன்னால் "ஒரிஜினல்" என்று யார் போடுவது என்பதில் அடிதடி ஆகும்.

ஜூலை 19

நான் 13ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, சாதாரணச் சொல் எதற்குமே பதிவு கிடைக்காது என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். அப்படி இல்லை. 9ஆவது பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. விண்ணப்பத் தேதிக்கு முன்பே, தொடர்ந்த பயன்பாட்டால் ஒரு சொல் தனி அடையாளத்தைப் பெற்றுவிட்டால் பதிவை மறுக்கக் கூடாது.

பீரில் இதற்கு ஸ்டீம் பீரைக் காட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலிபோர்னியாவில் பனிக்கட்டி கிடைக்காத காரணத்தால், குளிரில் நொதிக்க வேண்டிய லாகர் ஈஸ்டைச் சாதாரண வெப்பத்திலேயே நொதிக்கவிட்டுப் பலரும் காய்ச்சிய மலிவான பீருக்கு அந்தப் பெயர் பொதுவாக வழங்கியது. காலப்போக்கில் மற்றவர்கள் கடையை மூடிவிட, சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கர் என்ற ஒரே காய்ச்சுசாலை மிஞ்சியது. மூடும் நிலையில் இருந்த அதை 1965இல் ஃபிரிட்ஸ் மேடேக் வாங்கித் தூக்கி நிறுத்தினார். 1981இல் பெயரைப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு அதே முறையில் காய்ச்சும் எவரும் "கலிபோர்னியா காமன்" என்று சுற்றி வளைத்து எழுத வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் ஊர் முழுவதும் சொன்ன பெயர், சொல்வதற்கு வேறு ஆள் இல்லாமல் போனதால் ஒருவருக்கு உரியதாயிற்று. 2023இல் ஆங்கரும் கதவடைத்தது. அடுத்த ஆண்டு வேறொருவர் வாங்கினார். காய்ச்சாத நாட்களிலும் பெயர் மட்டும் பூட்டியே கிடந்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நம் பக்கத்தில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலையில் திறக்கும் இருட்டுக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கிய விளக்கில் வியாபாரம் நடந்த ஒரு கடையை மக்கள் அப்படிச் சொன்னார்கள். வெறும் வருணனைதான். ஆனால் திருநெல்வேலியில் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால், வெளிச்சமில்லாத ஏதோ ஒரு கடைக்கு முன்னால் அவர் வண்டியை நிறுத்துவதில்லை. அடையாளம் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? அந்தப் பெயரை வேறொருவர் பலகையில் எழுதினால், வருணனைச் சொல்தானே என்ற வாதம் செல்லாது.

கருப்பட்டிக்கு அந்த நிலை வரவில்லை. உடன்குடியிலும் சாத்தான்குளத்திலும் திசையன்விளையிலும் இன்றும் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறார்கள். நெடுஞ்சாலை முழுவதும் கருப்பட்டிக் காப்பிக் கடைகள். இத்தனை பேர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அது ஒருவருடைய பீரின் அடையாளமாக மாற வழியே இல்லை.

ஜூலை 20

"நாங்கள் விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழித்திருக்கிறோம்" என்று நோட்டீஸில் ஒரு வரி இருக்கிறதாம். மில்லரும் அதைத்தான் சொன்னது. பழைய வழக்குகளை நீதிமன்றங்கள் இங்கேயும் அப்படித்தான் பார்த்திருக்கின்றன. மாரிக்கோ நிறுவனம் சமையல் எண்ணெய்க்குப் பயன்படுத்திய "லோசார்ப்" என்ற குறியைக் காட்டி, "லோ அப்சார்ப்" என்று எழுதிய ஆக்ரோ டெக் நிறுவனத்தைத் தடுக்கப் பார்த்தபோது, குறைவாக உறிஞ்சுகிறது என்று சரக்கின் குணத்தைச் சொல்லும் சொற்களை ஒருவருக்குத் தர முடியாது என்று 2010இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு மறுத்துவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 ஜூனில், "மேஜிக் மசாலா" என்ற பெயருக்காக நெஸ்லே மீது ஐடிசி போட்ட வழக்கைத் தள்ளியது. நூடுல்ஸ் விற்பவர் எவரும் மசாலாவை மாயம் என்று புகழத்தான் செய்வார் என்பது அதன் சாரம்.

ஜூலை 27

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நோட்டீஸ் எதற்கு வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். நோட்டீஸுக்கு ஆகும் செலவு குறைவு, அதனால் கிடைக்கும் பலன் அதிகம், காரணம் இவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்தில் என் சித்தப்பா மகன் வாகை மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய் ஆட்டுகிறான். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் நிறுவனம் ஒன்று, லேபிளில் "மரச்செக்கு" என்று போடக் கூடாது என்று அவனுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வீட்டில் வணிகக்குறி வேலை பார்த்த ஓர் அண்ணன் இருக்கிறானே என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. அச்சடித்து வைத்திருந்த லேபிள்களை அடுப்பில் போட்டுவிட்டு, "பாரம்பரிய எண்ணெய்" என்று புதிதாக அச்சடித்து ஒட்டிய பிறகு ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொன்னான். மரச்செக்கு என்ற சொல் போனதும் வாடிக்கைக்காரர்கள், செக்கை விற்றுவிட்டு மெஷின் வாங்கிவிட்டாயா என்று கேட்டார்களாம்.

நான் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த நிறுவனம் வாங்கியிருந்தது ஒரு காளையும் செக்கும் வரைந்த லேபிளுக்கான பதிவு. 17ஆவது பிரிவின்படி, பல பகுதிகள் சேர்ந்த குறியைப் பதிவு செய்தால் முழுக் குறிக்குத்தான் தனி உரிமை; அதற்குள் இருக்கும், தொழிலில் பொதுவாக வழங்கும் சொல்லுக்குத் தனியாக எந்த உரிமையும் கிடையாது. அவன் லேபிளில் காளையும் இல்லை, படமும் இல்லை. வழக்கு வந்திருந்தால் ஒரு நாள் நின்றிருக்காது. வரவும் இல்லை. நோட்டீஸ் ஒன்றிலேயே காரியம் முடிந்துவிட்டதே, வழக்குக்கு ஏன் செலவழிக்கப் போகிறார்கள்?

ஆதாரமில்லாமல் மிரட்டுவோர் மீது மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடுக்க 142ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் பதிவு வைத்திருப்பவர் சுணங்காமல் மீறல் வழக்கைத் தொடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அதைவிட, சிறு வியாபாரி சென்னைக்கு நடந்து வழக்கு நடத்துவது இலேசான காரியம் இல்லை என்பதால் அந்தப் பிரிவு ஏட்டில்தான் அதிகம் வாழ்கிறது. என் தம்பி இன்றைக்கு மீண்டும் மரச்செக்கு என்றே போடுகிறான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3

வள்ளியூர்த் தம்பி பதிவேட்டுப் பக்கத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். 32ஆவது வகுப்பில்தான் பதிவு. ஆங்கில எழுத்துகளில் "கருப்பட்டி" என்ற சொல், பின்னால் ஒரு பனைமரம், ஆக, லேபிள். பதிவாகி ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் பெயரில் ஒரு புட்டியைக்கூடப் பெங்களூரில் கண்டதில்லை என்கிறார். இது உண்மையானால் 47ஆவது பிரிவு உதவும்: பதிவாகி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உண்மையான பயன்பாடு இல்லாமல் கிடக்கும் குறியை நீக்கச் சொல்லிப் பாதிக்கப்பட்டவர் கேட்கலாம். பதிவே தவறு என்று 57ஆவது பிரிவின் கீழும் கேட்கலாம்.

இப்படிப்பட்ட சொல் பதிவாளரிடம் எப்படித் தப்பியது என்ற கேள்வி நியாயமானது. இந்தி, ஆங்கிலம் தவிர்த்த எழுத்தில் ஒரு குறி இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் விண்ணப்பத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் பனைவெல்லம் என்று பொருள் எழுதியிருப்பார்கள், பரிசீலிப்பவரும் விழித்துக்கொண்டிருப்பார். ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டால், தென்பாண்டிப் பக்கம் எட்டிப் பார்த்திராத ஒரு பரிசீலகருக்கு அது யாரோ கற்பனையாகக் கோத்த ஒலியாகவே தெரியும். நம் மொழிகளின் சொற்கள் பதிவேட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்தச் சந்து வழியாகத்தான். அதைத் தடுக்க வேண்டுமென்றால், திங்கட்கிழமைதோறும் வெளிவரும் வணிகக்குறி இதழைப் பார்த்துக்கொண்டிருந்து, விளம்பரமான நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும். இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 2,700 ரூபாய். பனையேறியோ கருப்பட்டி வியாபாரியோ அந்த இதழைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது வேடிக்கை.

இதெல்லாம் சரி. கடிதத்தின் கடைசியில் தம்பி போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: தாமும் "கருப்பட்டி ஸ்டவுட்" என்ற சொற்களுக்கு 4,500 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டிருக்கிறாராம்!

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? "டிம்மர்ஸ்டாட்" என்ற குறிக்காக நடந்த ஆட்டோமேட்டிக் எலெக்ட்ரிக் வழக்கில், எதிராளி "டிம்மர்டாட்" என்ற தன் குறிக்குத் தானே பதிவு கேட்டுவிட்டு, பிறகு டிம்மர் என்பது பொதுச் சொல் என்று வாதாடப் பார்த்தார். 1999இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தனக்கு வேண்டும் என்று விண்ணப்பித்தவர், அது யாருக்கும் உரியதன்று என்று பேச முடியாது. தம்பியின் விண்ணப்பம் பதிவேட்டில் இருக்கும் நாள் வரை எதிராளியின் வக்கீலுக்கு வேறு ஆயுதம் தேவையில்லை.

ஆகஸ்ட் 4

என்னிடம் மட்டும் ஏன் கோபம், பெரியவர்கள் எடுத்துக்கொள்வதற்கு முன் நாம் எடுத்துவைத்தால் ஊர்ச்சொல் பாதுகாப்பாக இருக்குமே என்று தம்பி பதில் எழுதியிருக்கிறார். அந்த நிறுவனமும் அப்படித்தான் தொடங்கியிருக்கும். நாளைக்குப் புதுச்சேரியில் ஒரு பையன் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினால் தம்பி என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

உடன்குடியிலிருந்து ஒரு வாசகர், உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குத்தான் புவிசார் குறியீடு இருக்கிறதே, அது இந்தச் சொல்லைக் காப்பாற்றாதா என்று கேட்கிறார். ஓரளவுக்கு மட்டுமே காப்பாற்றும். குறியீடு "உடன்குடி" என்ற ஊர்ப்பெயரோடு சேர்ந்த பெயருக்குத்தான். தனித்த "கருப்பட்டி" பொதுப்பெயர், அதைப் புவிசார் குறியீட்டுச் சட்டமும் பதிவு செய்யாது. 2020இல் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அப்படித்தான். கடலைமிட்டாய் என்று எந்த ஊரிலும் எழுதலாம், கோவில்பட்டி என்று எழுதத்தான் தகுதி வேண்டும். பத்தமடைப் பாய்க்கும் அதே நிலை.

ஆனால் அந்தச் சட்டத்தின் நல்ல குணம், உரிமையைத் தனியாளிடம் கொடுக்காமல் அந்த வட்டாரத்தில் செய்பவர்கள் எல்லோருக்கும் பொதுவில் வைப்பது. பீரிலேயே இதன் இரண்டு பக்கங்களையும் பார்க்கலாம். பொஹீமியாவின் பில்சன் நகரத்தில் 1842இல் பிறந்த பொன்னிற பீரை எல்லா ஊரிலும் காய்ச்சி "பில்ஸ்னர்" என்றே விற்றார்கள். ஊர் விழித்துக்கொள்வதற்குள் அது வகைப்பெயர் ஆகிவிட்டது. கடைசியில் மூலக் காய்ச்சுசாலை தன் பெயரோடு மூல ஊற்று என்று பொருள்படும் "உர்க்வெல்" என்ற சொல்லைச் சேர்த்து 1898இல் தனிக்குறி வாங்கிக்கொண்டது. நம் ஜங்ஷன் அல்வாக் கடைகளின் "ஒரிஜினல்" போலத்தான் அதுவும். ஜெர்மனியின் கொலோன் நகரத்தார் வேறு வழியில் போனார்கள். 1986இல் காய்ச்சுபவர்கள் ஒன்றுகூடி "கொல்ஷ்" என்று எதைச் சொல்லலாம், யார் சொல்லலாம் என்று ஓர் உடன்படிக்கை செய்தார்கள். 1997இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் கிடைத்தது.

தம்பியின் பீரில் உண்மையிலேயே உடன்குடிச் சரக்கு போகிறதென்றால், அந்த ஊர்ப்பெயரை எழுதும் முன் அங்கீகாரம் பெற்ற உற்பத்தியாளரிடம் வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளட்டும். சர்க்கரைப் பாகு கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் எவ்வளவு புழங்குகிறது என்பது உடன்குடிக்காரர்களுக்கே தெரியும்.

ஆகஸ்ட் 9, சற்று நேரம் கழித்து

இடையில் ஒன்று. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். கள் இறக்குவது 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. அதே பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி, மாநில எல்லை தாண்டிப் பெங்களூருக்கு அனுப்பி, பீரில் போட்டு நொதிக்கவைத்தால் கிளாஸ் பல நூறு ரூபாய். பனையேறியின் பங்கு அதில் எவ்வளவு என்று தம்பி ஒருநாள் எழுதட்டும்.

ஆகஸ்ட் 16

நேற்று முன்தினம், ஆகஸ்ட் 14 அன்று, உச்ச நீதிமன்றம் நமக்கு வேண்டிய தீர்ப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. "பிளெண்டர்ஸ் பிரைட்" விஸ்கியை விற்கும் பெர்னோட் ரிக்கார்ட், இந்தூரில் "லண்டன் பிரைட்" என்ற பெயரில் விஸ்கி விற்பவரைத் தடுக்கக் கேட்டது. கீழ் நீதிமன்றமும் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமும் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்திருந்தன. உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. பெருமை என்று பொருள்படும் அந்தச் சொல் மதுத் தொழிலில் பலரும் பயன்படுத்தும் புகழ்ச்சிச் சொல், குறியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கக் கூடாது, முழுவதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது அதன் போக்கு.

இது இடைக்காலத் தடை பற்றிய தீர்ப்பு, மூல வழக்கு இன்னும் நடக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். எதிர்த்திசையில் ஒரு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டோன் என்ற கைவினைப் பீர் நிறுவனம், பெரிய நிறுவனமான மில்லர்கூர்ஸ் தன் "கீஸ்டோன்" டப்பாவில் "ஸ்டோன்" என்ற பகுதியை மட்டும் பெரிதாக்கிவிட்டது என்று 2018இல் வழக்குப் போட்டது. 2022இல் ஜூரி 5.6 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது; 2024 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அங்கேயும் சாதாரணச் சொல்தான். ஆனால் பீரில் கல் கிடையாது, அது பீரை வருணிப்பதும் இல்லை. ஆகவே சிறியவர் பெரியவரை வெல்ல முடிந்தது. கருப்பட்டிக்கும் கல்லுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் தம்பி நன்றாக மனத்தில் வாங்க வேண்டும். அவருக்குத் தேவை ஒரு "கல்".

ஆகஸ்ட் 24

தம்பி தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்கான ஒப்புகையும் வந்துவிட்டது. பதில் நோட்டீஸில் என்ன எழுத வேண்டும் என்று கேட்கிறார். வழக்கறிஞரை வைத்துத்தான் அனுப்ப வேண்டும். இருந்தாலும் வரைவு எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மறுக்கிறது.

அவர்களுடைய பதிவு லேபிளுக்கானது, 17ஆவது பிரிவின்படி உள்ளே இருக்கும் சொல்லுக்குத் தனி உரிமை இல்லை என்று தொடங்கட்டும். கருப்பட்டி எங்கள் சரக்கில் சேரும் பொருள். சரக்கின் தன்மையைச் சொல்வதற்காக ஒரு சொல்லைப் பயன்படுத்துவது மீறலாகாது என்று 30ஆவது பிரிவும், நேர்மையான வருணனையைத் தடுக்க முடியாது என்று 35ஆவது பிரிவும் சொல்வதைச் சேர்க்கட்டும். எந்த ஊரில், எந்தக் கடையில், எந்தத் தேதி முதல் அந்தக் குறியில் பீர் விற்றீர்கள் என்று கேட்டு ரசீது நகல் கோரட்டும். இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர்கள் அதிகம் யோசிப்பார்கள். கோபமான வாக்கியம் எதுவும் வேண்டாம். நீதிபதி முன்னால் படிக்கப்படும் கடிதம் அது.

ஆனால் 35ஆவது பிரிவு காப்பாற்ற வேண்டுமென்றால் நாம் வருணனையாகத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும். அமுல் நிறுவனம் உறைபனி இனிப்பில் "சுகர் ஃப்ரீ" என்று எழுதியதை எதிர்த்து, அதே பெயரில் செயற்கை இனிப்பு விற்ற காடிலா நிறுவனம் வழக்குப் போட்டபோது, அந்தச் சொற்களை எழுதுவதை டெல்லி உயர் நீதிமன்றம் தடுக்கவில்லை. எழுத்தின் அளவைக் குறைக்கச் சொன்னது. தம்பியின் பலகையைப் படத்தில் பார்த்தேன். "கருப்பட்டி" அரை அடி உயரத்தில் நிற்கிறது, காய்ச்சுசாலையின் பெயர் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை மாற்றி, சொந்தப் பெயர் ஒன்றைப் பெரிதாகவும், "உடன்குடிக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சிய ஸ்டவுட்" என்பதைக் கீழே சிறிதாகவும் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 26

பெயர் யோசனைகள் குவிந்துவிட்டன. "தேரிக்காடு" அழகாக இருக்கிறது, ஆனால் பனை நிற்கும் நிலமே அதுதான் என்பதால் பொருள் விளையும் இடத்தைச் சொல்கிறது என்று ஒரு பரிசீலகர் ஆட்சேபிக்க இடமுண்டு. "சாரல்" பல விடுதிகளுக்கு இருக்கும் பெயர், 32இல் இருக்கிறதா என்று தேட வேண்டும். "கரும்பனை" மறுபடியும் வருணனை. சங்கரன்கோவில் அன்பர் சொன்ன "ஒண்டிப்புலி" எனக்குப் பிடித்திருக்கிறது. பீரில் புலி இல்லை. பர்மிங்ஹாம் ஓநாய்க்கு நேர்ந்ததைச் சொல்லி ஒருவர் பயமுறுத்துகிறார். டைகர் என்ற பெயரில் பெரிய பீர் ஒன்று உலகெங்கும் இருப்பதால் அந்தப் பயத்தில் அர்த்தம் உண்டு. புலி வேண்டாம் தம்பி. வேறு விலங்காகப் பார்த்து, 32ஆவது வகுப்பிலும் 33ஆவது வகுப்பிலும் தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்திலும் தேடிவிட்டு, அதன் பிறகு பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.